தட்டில் ஐம்பது புளியங்கொட்டைகள்

ஜூலை மாதத்தில் ஒரு நாள் தமிழாசிரியர் விடுப்பு. எட்டாம் வகுப்பின் அந்தப் பாடவேளைக்குத் தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். நான் சமூக அறிவியல் ஆசிரியர். தமிழ்ப் பாடவேளையை வீணாக்க வேண்டாம் என்று 'தன்னலம் நீக்கிப் பிறர் நலம் பேணுதல்' என்று கரும்பலகையில் எழுதி, கட்டுரை எழுதச் சொன்னேன். 35 பேரும் எழுதினார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. மரம், ஆறு, மெழுகுவர்த்தி மூன்றும் ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் வந்திருந்தன. திருத்தும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

அதே நாள் பிற்பகல் அதே வகுப்பில் என் பாடவேளை. எங்கள் பள்ளியில் நல்ல நிலையில் 12 நிலவரைபட நூல்கள்தாம் இருக்கின்றன. எடுத்து வரச் சொன்னால் ஒரே ஓட்டம், இழுபறி. அன்று ஐந்து பேருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் 11 தான் இருந்தன. பன்னிரண்டாவது நூல், காலையில் நான் 'மிக நன்று' போட்டுக் கொடுத்த மாணவனின் பைக்குள் இருந்தது. அவன் திருடவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகவும் இல்லை. நாளைக்கும் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தான், அவ்வளவுதான்.

அவனைத் திட்டினேன். "காலையில எழுதுனியே, என்ன எழுதுன?" என்றேன். தலையைக் குனிந்து நின்றான். பத்தொன்பது ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறேன். தன்னலம் கெட்டது என்று சொல்வேன், அவர்கள் ஆமாம் என்பார்கள், பிறகு ஓடிப்போய் நூலைப் பிடுங்குவார்கள். தன்னலம் கெட்டது என்று தெரியாத குழந்தை எட்டாம் வகுப்பில் ஒன்றுகூட இல்லை. தெரிந்தும் ஏன் இப்படி என்பதைத்தான் நான் ஒருபோதும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஒரு விளையாட்டு வைத்தேன். பொதுவளங்களைப் பற்றி ஆராய்பவர்கள் பல நாடுகளில் பல வடிவங்களில் ஆடிப் பார்த்திருக்கும் விளையாட்டுதான். நான் அதை எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். ஐந்து பேருக்கு ஒரு குழு, ஆக ஏழு குழுக்கள். ஒவ்வொரு குழுவின் நடுவிலும் ஒரு தட்டு, அதில் 50 புளியங்கொட்டைகள். தட்டுதான் கண்மாய், கொட்டைகள்தாம் தண்ணீர். ஒருவர் பின் ஒருவராக எடுக்க வேண்டும். ஒருவர் எடுக்கும்போது மற்ற நால்வரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு சுற்றில் 15 வரை எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். ஐந்து பேரும் எடுத்து முடித்தால் ஓர் ஆண்டு முடிந்தது. அப்போது மழை பெய்யும். தட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு கொட்டைகளை நான் மேலும் போடுவேன். ஆனால் கண்மாயின் கொள்ளளவு 50 தான், அதற்கு மேல் கலுங்கு வழியே போய்விடும். இப்படி ஐந்து ஆண்டுகள். பேசக் கூடாது. வகுப்பிலேயே அதிகக் கொட்டை சேர்த்தவருக்கு ஒரு பேனா பரிசு.

கணக்கை ஆசிரியர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு 5 எடுத்தால் 25 போகும், 25 மிஞ்சும், மழை பெய்து மறுபடி 50 ஆகும். முதல் நான்கு ஆண்டுகள் ஆளுக்கு ஐந்து ஐந்தாக எடுத்து, கடைசி ஆண்டில் மட்டும் பத்துப் பத்தாக எடுத்தால் ஒவ்வொருவருக்கும் 30 கிடைக்கும். குழுவுக்கு மொத்தம் 150.

நடந்தது வேறு. மூன்று குழுக்களின் கண்மாய் முதல் ஆண்டிலேயே வறண்டது. ஐந்தாவதாக உட்கார்ந்த பிள்ளை கண்ணைத் திறந்தபோது வெறும் தட்டுதான் இருந்தது. மேலும் மூன்று குழுக்கள் இரண்டாம் ஆண்டில் முடிந்தன. ஒரே ஒரு குழு மட்டும் மூன்றாம் ஆண்டைத் தொட்டது. பேனாவை வென்ற மாணவனிடம் 29 கொட்டைகள் இருந்தன. முதல் ஆண்டில் 15, இரண்டாம் ஆண்டில் 14. கைதட்டி முடித்த பிறகு கரும்பலகையில் கணக்கைப் போட்டேன். எல்லோரும் ஐந்தோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கும் 30, அவன் குழுவில் மற்ற நால்வருக்கும் 30. அவனே எழுந்து வந்து கணக்கைச் சரிபார்த்துவிட்டுப் போனான்.

ஒரு துண்டுத்தாளில் பெயர் எழுதாமல், எவ்வளவு எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று மட்டும் எழுதித் தரச் சொன்னேன். அந்தத் தாள்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே காரணத்தைத்தான் வேறு வேறு சொற்களில் எழுதியிருந்தார்கள். "நான் எடுக்காட்டி அவன் எடுத்துருவான்." "எனக்கு முன்னாடி உள்ளவங்க எல்லாத்தையும் எடுத்துருவாங்கன்னு பயமா இருந்துச்சு." "மிச்சம் வச்சா யாருக்கோ போயிரும்." ஆசையால் எடுத்தேன் என்று எழுதியவர்கள் ஐந்தாறு பேர்தான்.

தன்னலம் என்றால் பேராசை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேராசையை மனத்தில் வைத்துத்தான் இத்தனை ஆண்டுகளும் அறிவுரை சொல்லி வந்தேன். இந்தப் பிள்ளைகளோ பயந்து எடுத்திருக்கிறார்கள். மற்றவர் விட்டுவைப்பார் என்ற நம்பிக்கை இல்லாததால் எடுத்திருக்கிறார்கள். பயத்தில் இருப்பவனிடம் போய் 'ஆசையை விடு' என்று சொன்னால் அவனுக்கு எப்படிக் கேட்கும்?

ஒரு துண்டுத்தாள் மட்டும் என்னைப் பற்றியது. "அதிகமா எடுத்தவங்களுக்குத்தான் பேனான்னு நீங்க சொன்னீங்க." சரிதானே! விதியை வைத்தவன் நான். எல்லாவற்றிலும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்திவிட்டு, பிறகு பகிர்ந்து வாழவில்லையே என்று அங்கலாய்க்கிறோம். இரண்டாம் முறை ஆடியபோது பரிசு எதுவும் வைக்கவில்லை.

இந்த இடத்தில் 1968-ஆம் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம். அந்த ஆண்டு காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று விட்டுக்கொண்டே போவார்கள், கடைசியில் நிலமே அழியும் என்பது அவர் வாதம். என் வகுப்பில் முதல் சுற்றில் நடந்தது அதுதான். அதற்கு அவர் சொன்ன தீர்வு, ஒன்று தனியுடைமை ஆக்க வேண்டும் அல்லது மேலிருந்து கட்டாயப்படுத்த வேண்டும். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் இதை அப்படியே ஏற்கவில்லை. உண்மையில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊர் ஊராகப் பார்த்தவர், பார்த்தவர்களின் பதிவுகளைத் தேடிப் படித்தவர் அவர். காடு, மேய்ச்சல் நிலம், மீன்பிடிக் கடல், பாசனக் கால்வாய் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே விதி வகுத்துக் காத்துவரும் மக்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்று 1990-இல் ஒரு நூலில் காட்டினார். பொருளியலுக்கான நோபல் பரிசு 2009-இல் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். நம் பிள்ளைகளுக்கு மலாலாவைத் தெரியும். ஆஸ்ட்ரமையும் தெரிந்திருக்கலாம்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒவ்வோர் ஆண்டுக்கும் முன்னால் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளலாம் என்றேன். ஒரு நிமிடம்தான்! நான்கு குழுக்கள் ஐந்தாம் ஆண்டுவரை போயின. மற்ற மூன்றில் யாரோ ஒருவர் 'ஐந்து' என்று சொல்லிவிட்டு ஒன்பது, பத்து என்று எடுத்தார். அடுத்த ஆண்டே எல்லோரும் அள்ளினார்கள். ஒருவர் ஏமாற்றினால் தண்டனையாக நால்வரும் சேர்ந்து கண்மாயையே காலி செய்கிறார்கள். ஊர்ச் சண்டைகளிலும் இப்படித்தானே?

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் ஒரு பாடவேளை முழுவதையும் கொடுத்து, குழுவே விதிகளை எழுதலாம் என்றேன். ஒரு குழு, "கடைசியா எடுக்கிறவங்க அடுத்த வருஷம் மொதல்ல எடுக்கணும்" என்று எழுதியது. இன்னொரு குழு கண்ணை மூடும் விதியையே நீக்கிவிட்டது. மூன்றாவது ஒரு குழு, எண்ணிக் கொடுப்பதற்கு ஒருவரை வைத்து, அவர் எல்லோருக்கும் பிறகே எடுக்க வேண்டும் என்றது. எண்ணிக் கொடுப்பவர் கடைசியில் எடுத்தால் அவர் ஏமாற்ற முடியாது, ஏமாற்றினால் தனக்கே நட்டம் என்று விளக்கமும் சொன்னது. பதின்மூன்று வயது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் குழுவின் விதியைப் போன்ற ஒன்று துருக்கி நாட்டின் அலன்யா கடற்கரையில் இருந்ததை ஆஸ்ட்ரம் எழுதியிருக்கிறார். மீன் அதிகம் கிடைக்கும் இடத்துக்காக மீனவர்களுக்குள் சண்டை. பிறகு அவர்களே மீன்பிடி இடங்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டு, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கித் தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் கிழக்கே அடுத்த இடத்துக்கு நகர்வது என்று வைத்தார்கள். ஜனவரிக்குப் பிறகு மேற்கே நகர வேண்டும். நல்ல இடம் எல்லோருக்கும் வரும், யாருக்கும் நிரந்தரமில்லை. இதைச் சொன்னபோது அந்தக் குழுவின் தலைவி, "அவங்க நம்மளப் பாத்து வச்சாங்களா சார்?" என்று கேட்டாள்.

மூன்றாவது ஆட்டத்தில் ஏழு குழுக்களும் ஐந்து ஆண்டுகளை முடித்தன. 150 எடுத்தவை மூன்று. மற்றவை 120-க்கும் 145-க்கும் இடையில். அதே 35 பிள்ளைகள்தாம். நான் நடுவில் ஓர் அறிவுரையும் சொல்லவில்லை.

இதுவரை படித்ததும் ஓர் எளிய வெற்றிக் கதையாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு மாணவியைக் கவனிக்கும்வரை. முதல் ஆட்டத்தில் மூன்றாம் ஆண்டைத் தொட்டதே ஒரு குழு, அதில் இருந்தவள். ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஒரு கொட்டைதான் எடுத்திருந்தாள். மொத்தம் மூன்று. அவள் குழுவில் ஒருவனிடம் 24. அவளைத்தான் வகுப்பின் முன் நிறுத்திப் பாராட்டுவதாக இருந்தேன். தன்னலமற்றவள் என்று சொல்ல வேறு யார் வேண்டும்? பாராட்டுவதற்கு முன் தனியே அழைத்து, ஏன் ஒன்று மட்டும் எடுத்தாய் என்று கேட்டேன். "வீட்லயும் நான்தான் சார் கடைசி. எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் நானும் அம்மாவும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பாராட்டவில்லை. எதைப் பாராட்டுவது? அவள் விட்டுக்கொடுத்ததை அந்தக் குழுவில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. அவள் விட்ட கொட்டைகளை வேறொருவன் அள்ளிக்கொண்டான். எப்போதும் ஒரே ஆள் விட்டுக்கொடுத்து, மற்றவர்கள் எடுத்துக்கொண்டே இருப்பதைப் பிறர் நலம் என்று நான் வகுப்பில் கொண்டாடினால், அவளுக்கு வீடு சொல்லித் தந்ததையே நானும் சொல்லித் தருகிறேன். அந்த 24-காரனுக்கோ ஒன்றும் சொல்லித் தரவில்லை. பெண் குழந்தைகள் விட்டுக்கொடுக்கும்போது நாம் கொஞ்சம் வேகமாகவே பாராட்டிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஆட்டத்தில் அவள் குழு எழுதிய விதியில் 'ஐந்துக்கு மேல் எடுக்கக் கூடாது' என்பதோடு 'ஐந்துக்குக் கீழும் எடுக்கக் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, தலைமையாசிரியரின் அனுமதியோடும் பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களோடும் ஊர்க் கண்மாய்க்குப் போனோம். எங்கள் சிவகங்கைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால்தான் கண்மாய் பெருகும். ஆகஸ்டில் காய்ந்துதான் கிடக்கும். மடையைக் கிட்டே நின்று பார்க்க அதுதான் வசதி. முன்பு நீர்பாய்ச்சியாக இருந்த ஒரு பெரியவரை வரச் சொல்லியிருந்தேன். மற்ற மாவட்டங்களில் நீர்கட்டி, மடையர் என்றெல்லாம் சொல்வதுண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பாய்ச்சி விடுவதும் அவர் வேலை. அவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது. அறுவடை முடிந்ததும் நிலத்துக்கு இவ்வளவு என்று நெல் அளப்பார்கள், அதுதான் கூலி.

"ஒங்களுக்கு நெலம் இல்லாததாலதான் ஒங்களப் போட்டாங்களா தாத்தா?" என்று கேட்டான் ஒருவன், எண்ணிக் கொடுப்பவர் கடைசியில் எடுக்க வேண்டும் என்று விதி எழுதிய குழுவைச் சேர்ந்தவன். பெரியவர் என்னைப் பார்த்தார். "நெலம் இல்லாததால போட்டாங்களா, போட்டதால நெலம் இல்லாமப் போச்சான்னு தெரியல வாத்தியாரே" என்றார். பிள்ளைகளுக்கு அது முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. தண்ணீரை நியாயமாகப் பிரித்த ஊர், நிலத்தை அப்படிப் பிரிக்கவில்லை. நீர்பாய்ச்சிகள் பெரும்பாலும் எந்தச் சமூகத்திலிருந்து வந்தார்கள் என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தண்ணீர் நிறைந்த ஆண்டில் பிரச்சினை இல்லை, தலைமடையிலிருந்து வரிசையாகப் பாயும் என்றார் அவர். அரைக் கண்மாய்தான் பெருகியது என்றால் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். "கம்மித் தண்ணிக்குக் கடைமடைலேருந்து ஆரம்பிச்சிருவேன். தலைமடைக்காரன் மடைக்குப் பக்கத்துலயே இருக்கான், அவனுக்கு எப்படியும் வந்துரும். கடைமடைக்காரனுக்கு விட்டாத்தான் உண்டு." தலைமடைக்காரர்கள் கோபப்பட மாட்டார்களா என்று கேட்டேன். படுவார்களாம், இரவில் வந்து வாய்க்காலை வெட்டிவிடுவார்களாம். அதற்காகவே கடைமடைக்காரர்கள் இருவர் இரவெல்லாம் வரப்பில் காவல் இருப்பார்களாம். அன்பு, கருணை என்ற சொல் எதுவும் அவர் வாயில் வரவில்லை. கடைமடைக்கு அவர் விட்டது தர்மத் தண்ணீர் இல்லை, முறைத் தண்ணீர்.

இப்போது ஏன் நீர்பாய்ச்சி இல்லை என்ற கேள்விக்கு அவர் கையை நீட்டி மூன்று மோட்டார் கொட்டகைகளைக் காட்டினார். போர் போட்டவர்களுக்குக் கண்மாய் தேவையில்லை. கண்மாய் தேவையில்லாதவர்கள் வரத்துக்கால் வெட்ட வருவதில்லை. அவர்கள் வராததால் மற்றவர்களும் வருவதில்லை. வரத்துக்கால் அடைபட்டால் கண்மாய் பெருகாது, பெருகாவிட்டால் போர் இல்லாதவருக்கு வழியில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. அவற்றில் பலவற்றின் கதை இதுதான். குடிமராமத்து தானாக நடந்துகொண்டே இருந்தது என்று சொல்வதும் முழு உண்மையில்லை. வராதவர்களை வரவழைக்க 1858-இல் ஆங்கிலேய அரசு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் உத்திரமேரூரைச் சொன்னேன். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரி வாரியம், குடவோலை எல்லாம் பாடத்தில் உள்ளவைதாம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்ற விதியை மட்டும் அழுத்திச் சொன்னேன். அந்தக் குடத்தில் பெயர் விழ, வரி செலுத்தும் நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், ஆணாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். நம் பெரியவரின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. பெருமையைச் சொல்லும்போது இதை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரின் தண்ணீர் நீதிமன்றம்தான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது. பல நூற்றாண்டுகளாக நடப்பது. வியாழக்கிழமைதோறும் நண்பகல் பேராலயத்தின் வாசலில் எட்டுக் கால்வாய்களின் பிரதிநிதிகள் கூடுவார்கள். எல்லோரும் விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்கள். வழக்கறிஞர் இல்லை. வாய்மொழியாக விசாரித்து அங்கேயே தீர்ப்பு. எந்தக் கால்வாயில் தகராறோ அந்தக் கால்வாயின் பிரதிநிதி தீர்ப்பு சொல்லக் கூடாது.

மறுவாரம் முதல் எங்கள் எட்டாம் வகுப்பிலும் வியாழக்கிழமை மதிய உணவுக்குப் பின் வேப்பமரத்தடியில் ஒன்று தொடங்கியது. நான் தொடங்கவில்லை. நிலவரைபட நூலுக்கு முறை வைப்பது பற்றி அவர்களே முடிவு செய்யட்டும் என்று மட்டும்தான் சொன்னேன். 12 நூல்களுக்கும் எண் ஒட்டி, மூவருக்கு ஒன்று என்று பிரித்து, யார் வைத்திருப்பது என்பதை வாரம் ஒருமுறை மாற்றினார்கள். கிழித்தது, மறந்துவிட்டு வந்தது போன்ற வழக்குகள் மரத்தடிக்குப் போயின. ஒரு நோட்டில் எல்லாம் பதிவாயின. பையில் ஒளித்து வைத்தவன்தான் முதல் மாதப் பொறுப்பாளர். அவனை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அன்று நூல் கிடைக்காத ஐந்து பேரில் மூவர்.

செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம், என்னை மரத்தடிக்கு அழைத்தார்கள். ஏதோ கேட்கத்தான் என்று போனேன். "சார், ஒங்க மேல ஒரு கேஸ் இருக்கு" என்றாள் நோட்டை வைத்திருந்தவள். வாசித்தாள். ஆகஸ்ட் கடைசி புதன், செப்டம்பர் முதல் புதன், இரண்டாம் புதன். மூன்று முறையும் எங்கள் விளையாட்டுப் பாடவேளையைச் சமூக அறிவியல் ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.

முதலில் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. "ஒங்களுக்காகத்தானப்பா எடுத்தேன், பாடம் முடிய வேண்டாமா?" என்றேன். சொல்லும்போதே அது முழு உண்மையில்லை என்று எனக்குத் தெரிந்தது. பயிற்சிக்கும் வேறு பணிகளுக்கும் போனதில் என் பாடம் பின்தங்கியிருந்தது. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவன் நான். அதற்காகத்தான் எடுத்தேன். அதை 'உங்களுக்காக' என்று சொல்லிக்கொண்டேன். தன்னலத்துக்கு நாம் போடும் வேடங்களில் இதுதான் நல்ல வேடம், பிறர் நலம் என்ற வேடம். பேராசை கொண்டவன்கூடத் தன்னைப் பேராசைக்காரன் என்று ஒத்துக்கொள்வான். இந்த வேடம் போட்டவனுக்குத் தான் வேடத்தில் இருப்பதே தெரியாது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாடவேளையை நான் எடுக்காவிட்டால் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். துண்டுத்தாளில் பிள்ளைகள் எழுதியிருந்த அதே வரி. எங்கள் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளைதான் தட்டு, நாங்கள்தாம் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள். உடற்கல்வி ஆசிரியர் கடைமடை. அவருக்கும் பின்னால் இந்தப் பிள்ளைகள்.

தீர்ப்பு: மூன்று சமூக அறிவியல் பாடவேளைகள் விளையாட்டுக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். தந்தேன். அக்டோபரில் மூன்று வாரங்கள். மைதானத்தில் ஓரமாக உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். பாடம் எப்படி முடிந்தது என்றால், முடிந்தது. இரண்டு அலகுகளில் பிள்ளைகளே குழுவாகப் படித்து வந்து வகுப்பெடுத்தார்கள். கொஞ்சம் குறை இருந்திருக்கலாம்.

ஆசிரியர் அறையிலும் பேச்சை எடுத்தேன். என் மேல் போட்ட வழக்கைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. கணக்கு ஆசிரியர், "நீங்க விட்டா நான் எடுத்துக்கிறேன் சார்" என்றார் கேலியாக. பிறகு பேசினோம். இதற்கு முன் இத்தனை ஆண்டுகளில் யாரும் இதைப் பேசியதில்லை என்பதுதான் ஆச்சரியம். விளையாட்டுப் பாடவேளையை யாரும் எடுப்பதில்லை, தவிர்க்கவே முடியாவிட்டால் அதே வாரத்தில் தன் பாடவேளை ஒன்றைத் திருப்பித் தருவது, இரண்டையும் உடற்கல்வி ஆசிரியர் குறித்து வைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கால அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பில் ஆடிப் பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு மூன்று சொல்ல வேண்டும். கடலைமிட்டாய், சாக்லேட் வைத்து ஆடாதீர்கள். காலையில் சரியாகச் சாப்பிடாமல் வந்த குழந்தை அள்ளி எடுத்தால் அது தன்னலமில்லை, பசி. யார் அதிகம் எடுத்தார் என்று பெயர் சொல்லிக் காட்டாதீர்கள், காட்டினால் அடுத்த சுற்றில் நடிப்பார்கள். தொடக்க வகுப்புகளுக்கு மூன்று பேர், 30 கொட்டைகள், மூன்று ஆண்டுகள் போதும், பெருக்கல் வாய்ப்பாடும் சேர்ந்து வரும். விதி எழுதும் நேரத்தைக் குறைக்காதீர்கள். ஆட்டத்தைவிட அந்த ஒரு பாடவேளைதான் முக்கியம். நீங்கள் நடுவில் வாய் திறக்காமல் இருப்பது கடினம். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஆசிரியர் அறையில் ஒட்டிய தாள் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களும் மீறப்படவில்லை. ஜனவரியில் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு வந்தது. முதலில் மீறியவர் யார் என்று எழுத மாட்டேன். இரண்டாவது நான். பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளை ஒன்றை எடுத்தேன், அந்த வாரத்துக்குள் திருப்பித் தரவில்லை. எட்டாம் வகுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லைதான். ஆனால் பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓர் அண்ணன் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறான். தங்கை, முதல் ஆட்டத்தில் மூன்று கொட்டைகள் எடுத்தவள், இப்போது மரத்தடி நோட்டின் பொறுப்பாளர். வேறு வகுப்பு வழக்கை எடுக்கலாமா கூடாதா என்று அங்கே இரண்டு வாரமாக விவாதம் நடக்கிறது. எடுக்கலாம் என்று முடிவானால் வரும் வியாழக்கிழமை விசாரணை.